மாத்திரைக்கு மூணு வாரம் வாய்தா

நம் ஊரில் ஒரு மாத்திரைக்குக் கொடுக்கப்படும் அதிகபட்ச அவகாசம் அரை மணி நேரம். தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு காபி குடித்து, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் வருவதற்குள் வலி போயிருக்க வேண்டும். போகவில்லையா, மாத்திரை போலி. ஜுரத்துக்கு இரண்டு வேளை டயம். ஆன்டிபயாடிக்குக்குப் பெரிய மனசு பண்ணி மூன்று நாள். அதுவும் இரண்டாம் நாளே உடம்பு தேவலை என்றால், மிச்சத்தை அடுத்த ஜுரத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டு வைத்துவிடுவோம்.

இப்படிப்பட்ட ஜனங்கள் மத்தியில் ஒரு மாத்திரை வந்து, 'எனக்கு மூணு வாரம் வேணும், நாலு வாரம்கூட ஆகலாம்' என்று வாய்தா கேட்டால் என்ன ஆகும்? கேட்டுவிட்டுச் சும்மாவும் இருப்பதில்லை. முதல் நாளே வாயை உலர்த்தும். எழுந்து நின்றால் தலையைச் சுற்றும். காலையில் போக வேண்டிய காரியம் மத்தியானம்வரை இழுக்கும். கெடுதல் எல்லாம் ரொக்கம். நல்லது மட்டும் கடன்.

மனச்சோர்வுக்கு, அதாவது டிப்ரஷனுக்குக் கொடுக்கிற மாத்திரைகளைச் சொல்கிறேன். நிறையப் பேர் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நிறுத்துகிறவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பத்து நாள் நஷ்டத்தில் ஓடுகிற கடையை யார் திறந்து வைத்திருப்பார்கள்?

நான் பி.காம். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு தொடர்பு அறுந்துவிட்டது. ஆனால் கணக்கு இடித்தால் தூக்கம் வராத வியாதி ஒன்று அந்தப் படிப்பில் ஒட்டிக்கொண்டது. கெடுதல் முதல் நாள், நல்லது மூன்றாம் வாரம் என்பது எனக்கு இடித்தது. ஒரே மாத்திரை, ஒரே ரத்தம், ஒரே மூளை. நடுவில் மூன்று வாரம் எங்கே போகிறது?

தேடிப் போனால் அட்ரினலினில் கொண்டுபோய் விட்டது.

அட்ரினலின் எல்லோருக்கும் தெரிந்த ஆசாமிதான். ராத்திரி செகண்ட் ஷோ விட்டு வரும்போது தெருநாய் துரத்தினால், நம்மை சைக்கிளோடு சேர்த்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவது அதுதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் ஊறுகிறது. ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானியர் 1901-ல் அதைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார். ஆனால் ரத்தத்தில் ஓடும் அட்ரினலினை மூளை அநேகமாக உள்ளே விடாது. வாசலில் கெடுபிடியான வாட்ச்மேன். மூளைக்குள் அந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது அதன் உடன்பிறப்பான நாரட்ரினலின்.

இதைத் தயாரிக்கும் முக்கியமான இடம் மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. பெயரே அழகு: 'நீல இடம்' என்று பொருள்படும் லத்தீன் பெயர். மூளையில் மொத்தம் 8,600 கோடி நியூரான்கள் என்கிறார்கள். இந்த நீல இடத்தில் இருப்பது சில பத்தாயிரம் மட்டும். ஒரு சின்ன முனிசிபாலிட்டி ஜனத்தொகை. ஆனால் இதன் நூல்கள் மூளையின் கிட்டத்தட்ட எல்லாப் பேட்டைக்கும் போகின்றன. விழித்திருப்பது, உஷாராக இருப்பது, 'இதைக் கவனி' என்று மனசைத் திருப்புவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

சரக்கு அனுப்பினால் போதாது, வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ரிசப்டர். தமிழில் ஏற்பி. செல்லின் மேல்தோலில் உட்கார்ந்திருக்கும் கவுண்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அட்ரினலின் ஒரு ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, இன்னொன்றை விரிக்கிறது, ஏன் இந்த இரட்டை வேஷம் என்று ரொம்ப நாள் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ரேமண்ட் ஆல்க்விஸ்ட், 'சரக்கு ஒன்றுதான், கவுண்ட்டர் இரண்டு வகை' என்றார். ஆல்ஃபா, பீட்டா என்று பேர் வைத்துக் கட்டுரை அனுப்பினார்.

திரும்பி வந்துவிட்டது.

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனான எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் ஒரு சகோதர பாசம் வந்தது. அவர் அசராமல் வேறு பத்திரிகைக்கு அனுப்ப, அது 1948-ல் பிரசுரமானது. பத்துப் பதினைந்து வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தப் பீட்டா கவுண்ட்டரை அடைக்கும் மருந்தைத் தேடி, 1960-களில் ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைக் கொண்டுவந்தார். நெஞ்சுவலிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உலகமே விழுங்கியது. பிளாக்குக்கு 1988-ல் நோபல். திரும்பி வரும் கட்டுரைகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

கவுண்ட்டர்கள் இதயத்தில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கின்றன. மனச்சோர்வு மருந்துகள் அங்கே என்ன செய்கின்றன என்பது அடுத்த கதை. இது ஆரம்பிப்பது நம் நாட்டில்.

சர்ப்பகந்தா வேர் நம் வைத்தியத்தில் ரொம்பப் பழசு. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இது கேட்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல், ரத்தக் கொதிப்பில் அதன் பலனை ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையில் விவரமாகப் போட்டார். உடனே வெள்ளைக்காரக் கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1952-ல் சுவிஸ் ஆட்கள் அந்த வேரிலிருந்து ரிஸர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. கூடவே, சாப்பிட்டவர்களில் சிலர் மனம் உடைந்து மூலையில் உட்கார்ந்ததாக டாக்டர்கள் எழுதினார்கள். அந்தக் கணக்கு மிகை என்று பின்னால் சொன்னவர்களும் உண்டு. ஆனால் ரிஸர்பின் நாரட்ரினலின், செரடோனின் குடோன்களைக் காலி செய்கிறது என்பது பரிசோதனையில் தெரிந்ததும், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில், ஒரு ஏரிக்கரை மனநல மருத்துவமனையில், ரோலண்ட் கூன் என்ற டாக்டருக்கு ஒரு கம்பெனி புது மருந்து கொடுத்திருந்தது. மனச்சிதைவுக்கு என்று கொடுத்தது, அதற்குச் சரிப்படவில்லை. 1956-ல் அவர் அதை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்தார். தூங்காதவர்கள் தூங்கினார்கள், பேசாதவர்கள் பேசினார்கள். அதுதான் இமிப்ரமின். 1957-ல் ஸூரிக் மாநாட்டில் அவர் இதை அறிவித்தபோது அறையில் இருந்தவர்கள் ஒரு டஜன் பேர். நம் ஊர் கவியரங்கத்துக்கே கூட வருவார்கள்.

இமிப்ரமின் செய்வது என்ன என்பதற்கு விடை கொடுத்தவர் ஜூலியஸ் ஆக்ஸல்ராட். லாபரட்டரி உத்தியோகத்தில் காலம் தள்ளி, நாற்பதைத் தாண்டியபின் டாக்டர் பட்டம் வாங்கியவர். நரம்பு வெளியே விட்ட நாரட்ரினலினில் பெரும்பகுதியை அந்த நரம்பே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று காட்டினார். விற்காத சரக்கை ரிடர்ன் எடுக்கிற மாதிரி. இமிப்ரமின் அந்த ரிடர்ன் ஆளைக் கட்டிப்போடுகிறது. சரக்கு வெளியே நிற்கிறது. 1970-ல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். நடுவில் 1965-ல் ஜோஸப் ஷில்ட்க்ராட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டார்: நாரட்ரினலின் வகைச் சரக்கு குறைந்தால் மனச்சோர்வு, மாத்திரை சரக்கை ஏற்றுகிறது, ஆள் எழுந்து உட்காருகிறார்.

படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு பக்கமும் டாலி ஆகிறது. ஒரே ஒரு சிக்கல். ரிடர்ன் ஆளைக் கட்டிப்போட மாத்திரைக்கு ஆகும் நேரம் சில மணிகள். அப்படியானால் ஆள் மறுநாள் காலையே எழுந்து உட்கார வேண்டாமா?

*

இதை நான் பொழுதுபோகாமல் படிக்கவில்லை. 2019 ஆடி மாதம், திருச்சியிலிருந்து சித்தி போன் பண்ணினாள். "தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போயேன்." சித்தி காரணம் சொல்லாமல் கூப்பிடுகிறவள் இல்லை.

சித்தப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் முப்பத்துநாலு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலாளி அவரை நாள்வழி எழுதச் சொல்லி, கம்ப்யூட்டர் சொல்வது சரியா என்று பார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர் நாலு மாதமாக விடியற்காலை மூணு மணிக்கு முழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஷேவிங் இல்லை, பேப்பர் இல்லை. கடன் தொல்லையா, சண்டையா, ஒன்றும் இல்லை. "ஒரு காரணம் இருந்தா சரி பண்ணிடலாம்டா" என்றாள் சித்தி.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பரிகாரம். டாக்டர் வைத்தியமும் நடந்திருந்தது. முதலில் செரடோனின் வகை மாத்திரை ஒன்று. ஆறு வாரம் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று ஈ.ஸி.ஜி. எடுத்து, இமிப்ரமினுக்கு மாற்றியிருந்தார்கள். நான் போனபோது அதில் பத்தாம் நாள்.

சித்தி என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் காட்டினாள். யார் யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு, எல்.ஐ.சி. பாலிசி எங்கே, வீட்டு வரி ரசீது எங்கே என்று சித்தப்பா முத்து முத்தாக எழுதி, பீரோ சாவியோடு அவளிடம் கொடுத்திருந்தார். "இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு கணக்கும் காட்டினதில்லை" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டருக்கு மட்டும் அன்றைக்கே சொன்னோம். மாத்திரை டப்பா சித்தி வசம் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு மேல் சரக்கு வீட்டில் சேரவே வேண்டாம், அவரைத் தனியாக விடாதீர்கள் என்றார். இந்த வகை மாத்திரை மொத்தமாக உள்ளே போனால் இதயத்தை நிறுத்திவிடும்.

சாயங்காலம் கிளினிக்குக்குச் சித்தப்பா இன்னொரு நோட்டைக் கொண்டுவந்தார். அது மாத்திரைக்குப் போட்ட பேரேடு. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. பற்றில் தேதிவாரியாக: வாய் வறட்சி. எழுந்தால் கிறுகிறுப்பு. மலச்சிக்கல். கை நடுக்கம். வரவுப் பக்கம் பத்து நாளும் வெள்ளையாக இருந்தது. கோடு மட்டும் அழகாகப் போட்டிருந்தார்.

"போன மாத்திரைக்கும் வெயிட் பண்ணச் சொன்னீங்க. இதுக்கும் சொல்றீங்க. பத்து நாள் பற்று மட்டுந்தான் டாக்டர். இந்தக் கணக்கை முடிச்சுடலாம்."

டாக்டர் அவசரப்படாதவர். நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு பேனாவை எடுத்துப் பற்றுப் பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார். கிறுகிறுப்புக்கு எதிரே, 'ஆல்ஃபா-1.' "ஐயா, நீங்க எழுந்து நிக்கும்போது ரத்தம் காலுக்கு எறங்கும். உடனே அட்ரினலின் வகையறா, ரத்தக் குழாயில இருக்கற ஆல்ஃபா-1 ரிசப்டரைத் தட்டிச் சுருக்கும். இந்த மாத்திரை அந்த ரிசப்டர் மேலயும் போய் உக்காந்துக்குது. அதனால சுருங்க லேட்டாகுது, தலை சுத்துது. அதுக்கு ரெண்டு மணி நேரம் போதும். மொத நாளே பற்று விழுந்துடும்." வாய் வறட்சி, மலச்சிக்கல் இரண்டும் அசிடைல்கோலின் என்ற வேறு கவுண்ட்டர் விவகாரம் என்றார். கட்டிலிலிருந்து ஒரேயடியாக எழக்கூடாது, உட்கார்ந்து நூறு எண்ணிவிட்டு எழ வேண்டும் என்றும் எழுதினார்.

"சரி. வரவு?"

"வரவு நீங்க நினைக்கற வேகத்துல வராது. சரக்கு ஏற மொத நாளே ஆரம்பிச்சாச்சு. ஆனா அதை வாங்கிக்கற செல்லு தன்னை மாத்திக்கணும். மேல இருக்கற பீட்டா ரிசப்டர் குறையணும், உள்ளே சமாசாரம் மாறணும். அதுக்கு வாரக்கணக்கு ஆகும்."

சித்தப்பா யோசித்தார். நாலு மாதத்தில் அவர் யோசித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு கேட்டார்: "சரக்கு பத்தலைன்னு மாத்திரை குடுக்கறீங்க. சரக்கு ஏறினதும் வாங்கற கடையெல்லாம் மூடுதுங்கறீங்க. கடை குறைஞ்சா யாவாரம் எப்படி டாக்டர் கூடும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இதத்தான் ஐயா நாப்பது வருஷத்துக்கு மேல கேட்டுக்கிட்டிருக்காங்க."

*

சித்தப்பா கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1975-ல் யெர்ஸி வெட்டுலானி என்ற போலந்துக்காரரும், அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் இருந்த ஃப்ரிடோலின் ஸுல்ஸரும் எலிகளுக்குச் சில வாரங்கள் தொடர்ந்து மனச்சோர்வு மருந்து கொடுத்தார்கள். பிறகு மூளைத் துண்டில் நாரட்ரினலினைச் சொட்டி, செல்லுக்குள் எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று அளந்தார்கள். சத்தம் என்றால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற உட்கடிதம், பீட்டா ரிசப்டர் தட்டப்பட்டால் செல் உள்ளே அனுப்பும் தகவல். வாரக்கணக்கில் மருந்து தின்ற எலியில் அந்தச் சத்தம் குறைந்திருந்தது. ஓரிரு வேளை மருந்து சாப்பிட்ட எலியில் குறையவில்லை. முக்கியமான இடம்: ரிடர்ன் ஆளைத் தொடாத ஒரு மருந்தும், மின்சார அதிர்ச்சி வைத்தியமும்கூட அதையே செய்தன.

முதல் தடவையாகத் தேதி பொருந்தியது. மாத்திரை வேலை செய்ய ஆகும் வாரங்களும், பீட்டா கவுண்ட்டர்கள் மங்க ஆகும் வாரங்களும் ஏறக்குறைய ஒன்று. ஒரு செல்லின் வாசலில் நாள் முழுக்கக் கும்பல் கத்திக்கொண்டிருந்தால், அது மெள்ள மெள்ள ஜன்னல்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுக்க, கரைக்க, புதிதாகச் செய்ய நாள் பிடிக்கும்.

இதில் பழைய பேலன்ஸ் ஷீட் தலைகீழாகிவிட்டது. ஒருவேளை மனச்சோர்வில் சரக்குப் பற்றாக்குறை இல்லையோ? கவுண்ட்டர்கள் அளவுக்கு மீறி உஷாராக இருப்பதுதான் கோளாறோ? மாத்திரை செய்வது அந்த உஷாரைத் தணிப்பதோ? அதாவது இத்தனை நாள் வரவு என்று எழுதியதை எடுத்துப் பற்றில் போட வேண்டும். ஆடிட்டர் வயிற்றில் புளி கரைகிற விஷயம்.

அப்படியும் முடியவில்லை. பீட்டாவைச் சாத்துவதுதான் வைத்தியம் என்றால், நேராக பீட்டாவைச் சாத்தும் ப்ரோப்ரனலால் மனச்சோர்வை விரட்ட வேண்டும். மேடை நடுக்கத்துக்குக் கேட்கிறது, ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பாகக் கொடுக்கிறார்கள். மனச்சோர்வுக்கு அது மருந்தாகவில்லை. பிரான்சில் 1970-களின் பிற்பகுதியில் நேர் எதிராக, பீட்டாவைத் தட்டி எழுப்பும் ஆஸ்துமா மருந்தான ஸால்ப்யூட்டமாலைக் கொடுத்துப் பார்த்து, சிலருக்குப் பலன் இருந்ததாக எழுதினார்கள். 1987 கடைசியில் அமெரிக்க அனுமதி வாங்கிய ஃப்ளுவாக்ஸடின் வகை மாத்திரைகள் பீட்டாவை ஒழுங்காக மங்கவைப்பதில்லை. ஆனாலும் ஆட்கள் எழுந்திருக்கிறார்கள். ஆக பீட்டா குறைவது ஒரு அடையாளம். செல் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கான ரசீது. சரக்கு அது இல்லை. இப்படித்தான் எனக்குப் படுகிறது. இதே மாதிரி எண்ணும் விஞ்ஞானிகள் நிறைய.

இந்தக் கடைத்தெருவில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆல்ஃபா-2. இவர் சரக்கு அனுப்பும் நரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும் இன்டர்னல் ஆடிட்டர். வெளியே சரக்கு அதிகம் என்று தெரிந்தால் உள்ளே குறிப்பு அனுப்புவார்: 'போதும், உற்பத்தியைக் குறை.' இமிப்ரமின் வகையறா ஒரு பக்கம் ரிடர்னை நிறுத்த, இவர் இன்னொரு பக்கம் பிரேக் போடுகிறார். நீல இடத்து நரம்புகள் முதலில் வேகம் குறைகின்றன. நாளாக நாளாக இவர் பிடி தளர்வதாகப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மூன்று வார வாய்தாவில் இவருக்கும் ஒரு பங்கு.

அப்படியானால் ஆடிட்டரையே அறையில் போட்டுப் பூட்டினால்? பூட்டினார்கள். மியான்ஸரின், அதன் தம்பி மிர்டாஸபின் இரண்டும் ஆல்ஃபா-2-ஐ அடைப்பவை. மிர்டாஸபின் 1994-ல் நெதர்லாந்தில் கடைக்கு வந்தது. நல்ல மருந்துதான், ஹிஸ்டமின் கவுண்ட்டரையும் அடைப்பதால் தூக்கமும் பசியும் முதலில் வந்துவிடும். ஆனால் மனசு முழுதாகத் தேற அதற்கும் வாரங்கள்தான்.

எல்லாம் சொன்ன பிறகு, நாரட்ரினலினுக்கு இதில் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. அதற்கு எனக்குப் பிடித்த சாட்சி யேல் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ டெல்காடோ குழுவினர் செய்து 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. மாத்திரையால் குணமானவர்களுக்கு, நாரட்ரினலின் தயாரிப்பைத் தற்காலிகமாக முடக்கும் பொருளைக் கொடுத்தார்கள். நாரட்ரினலின் வகை மாத்திரையால் தேறியவர்களில் பெரும்பாலோர் மறுபடி சரிந்தார்கள். ஃப்ளுவாக்ஸடின் வகையால் தேறியவர்கள் அநேகமாகச் சரியவில்லை. நோயே இல்லாதவர்களுக்கு அதே பொருளைக் கொடுத்தால் மனச்சோர்வு வருவதில்லை. கவனியுங்கள்: சரக்கு குறைந்தால் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் அந்தச் சரக்கால் எழுந்தவருக்கு அது இல்லாமல் நிற்க முடியவில்லை. 2004-ல் நாரட்ரினலினே தயாரிக்க முடியாதபடி பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளிடம் மருந்துகளைச் சோதித்தார்கள். நாரட்ரினலின் மருந்துகள் பலிக்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. செரடோனின் மருந்துகளிலும் ஒன்றைத் தவிர மற்றவை பலிக்கவில்லை. வாலில் தொங்கவிடப்பட்ட சுண்டெலியும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவும் ஒன்றில்லை, இருந்தாலும்.

2022-ல் லண்டனில் ஜோவன்னா மான்க்ரீஃப் குழுவினர், செரடோனின் குறைவால்தான் மனச்சோர்வு என்பதற்குச் சரியான சாட்சியமில்லை என்று தொகுத்து எழுத, பெரிய கூச்சல் எழுந்தது. 'அப்போ மாத்திரையெல்லாம் ஏமாற்றா?' என்று என்னையே இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி. தலைவலி மாத்திரை கேட்கிறது என்பதற்காக, தலைவலி வருவது மாத்திரைப் பற்றாக்குறையால் என்று யாரும் சொல்வதில்லை. 2018-ல் 21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 பேர் என்று ஒரு பெரிய கணக்கு லான்ஸெட் பத்திரிகையில் வந்தது. எல்லா மருந்துகளுமே வெறும் டம்மி மாத்திரையைவிட மேல் என்று அதில் தெரிந்தது. வித்தியாசம் மிதமானது, பிரமாதமில்லை. மாயமும் இல்லை, மோசடியும் இல்லை.

*

இந்த மூன்று வார விஷயத்தில் என்னை உட்காரவைத்த ஆராய்ச்சி வேறொன்று. ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் குழுவினர் 2003-ல் ஆரோக்கியமான ஆட்களுக்கு ரெபாக்ஸடின் என்ற நாரட்ரினலின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். பிறகு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். சிரிப்பு, கோபம், பயம் என்று பல பாவங்கள், சில அரைகுறையாக. மருந்து சாப்பிட்டவர்கள் சந்தோஷ முகங்களைச் சுலபமாகக் கண்டுபிடித்தார்கள். நல்ல வார்த்தைகள் அதிகம் ஞாபகம் இருந்தன. மனநிலை எப்படி என்று கேட்டால், மாற்றமில்லை என்றார்கள். பின்னால் 2009-ல் மனச்சோர்வு நோயாளிகளிடம் பார்த்தபோதும் ஒரு வேளையிலேயே அந்தக் கறுப்புக் கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தது. மனசு அன்றைக்குத் தேறவில்லை.

அதாவது முதல் நாளிலிருந்தே வரவு விழுந்துகொண்டிருக்கிறது. பேரேட்டில் தெரிகிற தொகையாக இல்லை. பார்க்கிற முகத்தைக் கொஞ்சம் சரியாகப் படிக்கிறோம். அப்படிப் படித்த முகங்கள் பத்து, நூறு என்று சேர்ந்த பிறகுதான் 'உலகம் அவ்வளவு மோசமில்லை போலிருக்கே' என்று மனசுக்கு எட்டுகிறது. இதற்கு நாள் ஆகத்தானே செய்யும்? அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவருக்குப் படிக்க முகமும் கிடைக்காது.

சித்தப்பா அந்த நாலு மாதமும் சொன்ன ஒரே புகார், "எல்லாரும் என்னைப் பார்த்தா மூஞ்சியைச் சுளிக்கிறாங்க" என்பதுதான். பால்காரர்கூட. சித்தி இல்லை என்று சத்தியம் பண்ணினாலும் ஏறவில்லை. டாக்டரோடு பேசிய பிறகு மாத்திரையை நிறுத்தவில்லை. நம்பிக்கை வந்து இல்லை. "இவ்வளவு பேர் இவ்வளவு வருஷமா டாலி ஆகாத கணக்கைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. பதினோரு நாள்ல நான் எப்படி முடிக்கிறது" என்றார். சித்திதான் தினமும் சாயங்காலம் அவரைக் கையைப் பிடித்துக் கடைத்தெருவரை கூட்டிப்போனாள், முணுமுணுப்போடு.

நான் சென்னைக்கு வந்துவிட்டேன். ஃப்ரீலான்ஸ் என்றால் லீவு நிறைய என்று நினைக்கிறார்கள்; லீவு போட்டால் சம்பளம் கிடையாது என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இருபத்துநாலாம் நாள் சித்தி போனில் நோட்டைப் படித்தாள். பற்று: வாய் வறட்சி, பழகிவிட்டது. வரவு: பால்காரருக்கு மகள் பிறந்திருக்கிறாளாம். அவ்வளவுதான் எழுதியிருந்தார். "இதெல்லாம் ஒரு வரவா தம்பி?" என்றாள் சித்தி, குரல் ஒரு மாதிரி இருந்தது.

அப்புறம் சரசரவென்று ஏறவில்லை. நடுவில் ஒரு வாரம் மறுபடி திண்ணை. டோஸ் கூட்டினார்கள். ஐப்பசியில் ஷேவ் பண்ணிக்கொண்டார். சித்தி அந்தக் கடன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிப் புரட்டிப் பார்த்து, இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு என்று திருத்தினாராம். குணமான பிறகும் பல மாதம் மாத்திரை தொடர்ந்தது. குறைத்து நிறுத்தியதும் டாக்டர் சொல்லித்தான்.

இப்போது வாய்தாவே வாங்காத மருந்தும் வந்திருக்கிறது. கெட்டமின் என்ற பழைய மயக்க மருந்து, சில மணி நேரத்திலேயே மனச்சோர்வைத் தளர்த்துவதை 2000-ல் யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதினார்கள். அதன் வாரிசான எஸ்கெட்டமின் மூக்கில் அடிக்கும் மருந்தாக 2019-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. இது அட்ரினலின் கவுண்ட்டர் வழியாகவே போவதில்லை, குளுட்டமேட் என்ற வேறு தெரு. முக்கியமாக மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு. மருத்துவமனையிலேயே எடுத்துக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்த்தபடி இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். பலன் நிலைக்கத் திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

போன பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். சில மணி நேரத்தில் கேட்குமா என்று ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "வெலை?" என்றார்.

அமெரிக்க விலையை ரூபாயில் பெருக்கிச் சொன்னேன்.

"நமக்கு மூணு வாரமே தேவலை" என்றார்.